அவிழ்க்க ஆளில்லாத மர்மம்: கல்முனைக் கரையின் இரவுக் கதைகளும் 2011 ஆகஸ்டும்

1. கேள்வி

கிழக்கிலங்கையில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அவற்றில் கணிசமானவை பேயோடு முடிவதில்லை. வயல் வாடியில் தனியே படுத்தவன் இருட்டில் வெள்ளையாய் ஏதோ அசைவதைக் காண்கிறான். ஓத வேண்டிய ஆயத்து பாதியில் மறந்துபோகிறது. விழுந்தடித்து ஓடி, காய்ச்சலோடு வீடு சேர்கிறான். விடிந்ததும் நாலு பேர் போய்ப் பார்க்கிறார்கள். அங்கே கிடப்பது காயப்போட்ட சாரனாக இருக்கும்; கட்டறுத்த எருமைக் கடாவாக இருக்கும்; நெல் களவெடுக்க வந்த, ஊரே அறிந்த ஓர் ஆளாகவும் இருக்கும். பயந்தவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். அமானுஷ்யம், துப்பறிதல், நகைச்சுவை மூன்றும் கலந்த இந்த வகைக் கதை தமிழ்க் கிராமங்கள் பலவற்றுக்கும் பொதுவானது.

2011 ஆகஸ்டில் இதே கரையில் இன்னொரு இரவு மர்மம் பரவியது. ஊர் அதைக் ‘கிறீஸ் பூதம்’ என்றும் ‘கிறீஸ் மனிதன்’ என்றும் அழைத்தது. பத்திரிகைகள் ‘மர்ம மனிதன்’ என்றன. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வீட்டு வளவுக்குள் புகுந்து பெண்களைத் தாக்கிவிட்டுப் பிடிபடாமல் தப்பும் உருவம் என்பதே அதன் வர்ணனை. கேட்ட மாத்திரத்தில் இது பழைய கதைகளின் தம்பி போலத் தோன்றும். ஆனால் அது சிரிப்பில் முடியவில்லை. மோதல்களும் கைதுகளும் மரணங்களும் அதைத் தொடர்ந்தன.

இரவு மர்மத்தைச் சிரிப்பாக்கப் பழகிய ஒரு சமூகம் இந்த ஒன்றை மட்டும் ஏன் சிரிப்பாக்க முடியாமல் போனது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. மர்மத்தின் தன்மையைவிட, அதை அவிழ்க்கும் ஏற்பாட்டில்தான் விடை இருக்கிறது என்பது என் வாதம்.

2. இரவின் நிலம்

இவ்வூர்களின் அமைப்பை அறியாமல் இவற்றின் கதைகளை விளங்கிக்கொள்ள முடியாது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியவை கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், இடையிடையே தமிழ் ஊர்கள் வர, நெருங்கிக் கிடக்கின்றன. வளவோடு வளவு ஒட்டியிருக்கும். அடுத்த வீட்டு இருமல் இங்கே கேட்கும். வயலோ மேற்கே, சிலருக்கு வெகுதூரத்தில். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பாசன நிலத்தைப் பெருக்கியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. நெரிசலான ஊர், ஆளற்ற வட்டை (வயல்வெளி) என்ற இரட்டை வாழ்க்கை மட்டும் மாறவில்லை.

விதைப்புக்குப் பின் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க வேண்டும். அறுவடையில் சூடு மிதிக்கும் காலத்தில் இரவெல்லாம் களவெட்டியில் (நெல் மிதிக்கும் களத்தில்) கழியும். மட்டக்களப்புப் பிரதேச வேளாண்மை வழக்குகளைப் பதிந்தவர்கள் களவெட்டியின் ஒரு நடைமுறையைத் தவறாமல் குறித்திருக்கிறார்கள்: அங்கே அன்றாடச் சொற்களைப் பேசக்கூடாது. நெல்லுக்கும் மாட்டுக்கும் கருவிகளுக்கும் வேறு பெயர்கள் உண்டு. சாதாரணப் பேச்சைக் கேட்டால் பூதங்கள் வந்து பொலியைக் கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை.

இந்த வழக்கத்தில் பயமும் குறும்பும் சேர்ந்தே இருக்கின்றன. நெற்குவியலை அள்ளிச் செல்லும் வல்லமை படைத்த பூதத்துக்குப் பெயரை மாற்றிச் சொன்னால் புரியாதாம். மனிதர் பூதத்துக்கு அஞ்சுகிறார்கள். அதே மூச்சில் அதை ஏமாற்றியும் விடுகிறார்கள். சிரிப்பு மர்மக் கதைக்கு வேண்டிய மனநிலை இதுதான். அஞ்சத்தக்கதை அறவே மறுக்காமல், அதனோடு சாமர்த்தியமாய் நடந்துகொள்வது.

3. சிரிக்கும் மர்மத்தின் உறுப்புகள்

இலக்கியக் கோட்பாட்டில் இந்த வகையைப் பேசும்போது ஸ்வெதான் தொதோரோவின் பெயர் வரும். 1970இல் வெளியான நூலில் அவர், ஒரு நிகழ்ச்சிக்கு இயற்கையான விளக்கமா, இயற்கைக்கு மீறிய விளக்கமா என்று வாசகர் தடுமாறும் இடைவெளியே மிகுபுனைவின் இருப்பிடம் என்றார். நம் கதைகளுக்கு இந்தச் சட்டகம் பாதிதான் பொருந்துகிறது. தடுமாறுபவர் கதைக்குள் இருக்கும் ஒருவர். கேட்பவர்களோ அவர் தடுமாறுவதை வேடிக்கை பார்ப்பவர்கள். ஐயம் கதையின் இயந்திரம், சிரிப்பு அதன் விளைச்சல். தொதோரோவின் சட்டகத்தில் சிரிப்பவர்களுக்கு இடமில்லை.

நான் மூன்று பாத்திரங்களைப் பிரித்துக் காண்கிறேன்: கண்டவர், சொல்பவர், அவிழ்ப்பவர். கண்டவர் பயந்தவர். சொல்பவர் அந்தப் பயத்தைக் கூட்டியும் குறைத்தும் ஊருக்கு விற்பவர். அவிழ்ப்பவர் விடிந்ததும் போய்ப் பார்த்து ‘இதுதான்’ என்று சுட்டுபவர். முல்லைக்காரன், போடியார், பரிசாரி, பள்ளிவாசல் மரைக்காயர், மாடு தேடிப் போன சிறுவன் என எவரும் இந்த மூன்றாம் இடத்தில் நிற்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: அவர் சொல்வதை ஊர் ஏற்க வேண்டும்.

தமிழில் இந்த அமைப்புக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் பயமுறுத்துவதைவிடப் புதிர் போடுவதிலேயே குறியாக இருக்கிறது. முஸ்லிம் தமிழ் இலக்கியம் இந்தக் கேள்வி–விடை வடிவத்தை விரும்பி ஏற்றது. கிடைக்கும் முழுமையான முஸ்லிம் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் ‘ஆயிரம் மசலா’ (1572) கேள்விகளும் விடைகளுமாகவே நடக்கிறது. ‘நூறு மசலா’வோ புதிருக்கு விடை சொல்பவரையே மணப்பேன் என்னும் இளவரசியின் கதை. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் குறிக்கப்படும் சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885), குழந்தைப் பருவத்தில் களவு கொடுக்கப்பட்ட ஒருவன் யாரென்று வெளிப்படும் வரை வாசகரை இழுத்துச் செல்கிறது. இவை நகைச்சுவை நூல்கள் அல்ல. ஆனால் முடிச்சைப் போட்டவர் அதை அவிழ்த்தும் காட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இவற்றில் உறுதியாக இருக்கிறது.

இங்கே சமய நம்பிக்கையின் பங்கையும் கவனிக்க வேண்டும். ஜின் என்ற படைப்பு உண்டு என்பது குர்ஆன் கூறுவது. அதில் ஓர் அத்தியாயமே அப்பெயரில் உள்ளது. நூல் கட்டுவதும் தண்ணீர் ஓதிக் குடிப்பதும் சரியா என்று ஊரில் மௌலவிமாரிடையே கடும் விவாதம் நடக்கலாம். ஜின் உண்டா என்ற விவாதம் எழுவதில்லை. ஆகவே நம் சிரிப்புக் கதை ‘ஜின் என்று ஒன்றில்லை’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. ‘நீ கண்டது ஜின் இல்லை, சாரன்’ என்று மட்டுமே சொல்கிறது. அதன் அவிழ்ப்பு எப்போதும் குறிப்பானது: இந்த இரவு, இந்த இடம், இந்தப் பொருள். நம்பிக்கையைத் தொடாமல் நம்பியவரின் அவசரத்தை மட்டும் அது கேலி செய்கிறது. பக்திமானும் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்க முடிவது இதனால்தான்.

4. 2011 ஆகஸ்டு: நிகழ்ந்தவை

உடம்பில் எண்ணெய் பூசிப் பிடிநழுவும் ஆள் 2011இல் பிறந்தவன் அல்ல. சிங்களக் கிராமங்களில் ‘கிறீஸ் யக்கா’ என்ற பெயர் முன்பே வழங்கியது. அது கையில் அகப்படாத திருடனின் உருவம். மலாய் நாட்டில் ‘ஓராங் மின்யாக்’ என்னும் எண்ணெய் மனிதன் பெண்களைத் தாக்குபவனாகப் பேசப்பட்டான். பி. ரம்லி 1958இல் அவனை வைத்துப் படமே எடுத்தார். வழுக்கி ஓடும் திருடன் இயல்பில் சிரிப்புக்கு உகந்த பாத்திரம்: பத்துப் பேர் பாய்ந்தும் கையில் மிஞ்சுவது கிறீஸ் மட்டும்.

2011இல் இந்த உருவத்தின் பின்னால் உண்மைக் குற்றங்களின் நிழலும் இருந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தைப் பகுதியில் சில ஆண்டுகளாகப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டு வந்தனர். ஆகஸ்டில் அச்சம் மலையகத்தில் பரவியது. ஹப்புத்தளைப் பக்கத்தில் சந்தேகத்தின் பேரில் இருவர் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். பின்னர் அது கிழக்கின் தமிழ் பேசும் ஊர்களுக்கு வந்தது. பொத்துவிலில் மக்களும் பொலிஸாரும் மோதிக்கொண்டனர். கிண்ணியாவில், துரத்தப்பட்டவர்கள் கடற்படை முகாமுக்குள் புகுந்துவிட்டதாகக் கூறி மக்கள் அதைச் சூழ்ந்தனர். புத்தளத்தில் ஆகஸ்டு 21 அன்று மூண்ட மோதலில் பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் யாழ்ப்பாணம் நாவாந்துறையில் நள்ளிரவுச் சுற்றிவளைப்பில் நூறு பேரளவில் கைதாயினர். தாம் தாக்கப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர்.

அந்த ஆண்டு ஆகஸ்டு ஏறக்குறைய முழுவதும் நோன்பு மாதம் என்பதைப் பல விவரிப்புகள் போகிற போக்கில் சொல்லிச் செல்கின்றன. அதன் முக்கியத்துவம் பெரிது. இஷாவுக்குப் பின் ஆண்கள் தறாவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும். ஸஹருக்காக ஊர் மீண்டும் விழிக்கும். இரவு முழுவதும் அரை விழிப்பில் இருக்கும் ஓர் ஊரில் ஒரு கூச்சல் தெரு முழுதும் பரவ நிமிடங்கள் போதும்.

5. இருக்கும் விளக்கங்களும் அவற்றின் எல்லையும்

முதல் விளக்கம் உளவியல் சார்ந்தது. ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் வதந்திக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள்: விடயத்தின் முக்கியத்துவமும் அதைப் பற்றிய தெளிவின்மையும் சேரும் அளவுக்கு வதந்தி வலுப்பெறும். 1944இல் அமெரிக்காவின் மட்டூன் நகரில் இரவில் வீடுகளுக்குள் விஷவாயு அடிப்பதாகச் சொல்லப்பட்ட ‘மர்ம மனிதன்’ பற்றி டொனால்ட் ஜோன்சன் எழுதிய ஆய்வு, அதைக் கூட்டு மனப்பிரமை என்று வகைப்படுத்தியது. 2011ஐயும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது எளிது. ஆனால் இந்த விளக்கம் பரவலை விளக்குகிறதே தவிர, கிண்ணியாவில் கோபம் ஏன் முகாமின் வாசலில் போய் நின்றது என்பதை விளக்கவில்லை.

இரண்டாவது விளக்கம் அரசியல் சார்ந்தது. அவசரகாலச் சட்டத்தை நீடிக்கவோ, இராணுவ இருப்பை நியாயப்படுத்தவோ பாதுகாப்புத் தரப்பே இதை அரங்கேற்றியது என்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் வலுவாக இருந்தது. துரத்தியவர்களின் சாட்சியம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. எதிர்ச்சான்றையும் எடைபோட வேண்டும்: ஆகஸ்டு 25 அன்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அவசரகாலச் சட்டம் நீடிக்கப்படமாட்டாது என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார், மாத முடிவில் அது காலாவதியானது. பயங்கரவாதத் தடைச் சட்டம் தொடர்ந்தது என்பதால் சந்தேகம் முற்றாக நீங்கவில்லை. என்றாலும், நீடிப்பதே நோக்கம் என்ற வாதம் இந்த முடிவோடு சரியாக ஒட்டவில்லை.

மூன்றாவது விளக்கம் குற்றவியல் சார்ந்தது: சில இடங்களில் திருடர், சில இடங்களில் பெண்களைத் தொல்லைப்படுத்தும் உள்ளூர் ஆட்கள், சில இடங்களில் குறும்பர், எல்லாம் ஒரே பெயரின் கீழ் திரண்டன. இது நம்பத்தக்கது. ஆனால் இந்த விளக்கம் உண்மையானால், ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியே அவிழ்த்திருக்க முடியும். அப்படி ஏன் நடக்கவில்லை என்ற கேள்வியை இதுவும் எழுப்பிவிட்டே நிற்கிறது.

6. மூன்றாம் பாத்திரத்தின் வெற்றிடம்

மூன்று விளக்கங்களும் ‘அவன் யார்?’ என்று தேடுகின்றன. நான் கேட்க விரும்புவது, ‘அவன் யாரென்று சொல்ல யாருக்கு வாய் இருந்தது?’ என்பது.

பொலிஸ் தரப்பின் பதில், கிறீஸ் மனிதன் என்று யாரும் இல்லை, எல்லாம் வதந்தி என்பது. தர்க்கப்படி இது சரியாகவே இருக்கலாம். கதையின் இலக்கணப்படி இது தவறான வகைப் பதில். சிரிப்புக் கதையில் அவிழ்ப்பவர் பொத்தாம்பொதுவாக மறுப்பதில்லை என்று மேலே கண்டோம். அவர் குறிப்பாகச் சுட்டுகிறார். ‘உன் வளவில் செவ்வாய் இரவு நின்றது இன்னார்’ என்ற பதிலுக்காகக் காத்திருந்த ஊருக்கு ‘அப்படி எதுவுமில்லை’ என்ற பதில் கிடைத்தது. கண்டவரைப் பொய்யராக்கும் பதில் அது. பிடிபட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் ஊர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தபோது, அவிழ்ப்பு நடக்க வேண்டிய இடமே பூட்டப்பட்டது. ஊர் ஏற்கக்கூடிய திறந்த விசாரணை ஒவ்வொரு சம்பவத்துக்கும் நடந்திருந்தால், பல முடிச்சுகள் சாரனாகவும் எருமையாகவும் அவிழ்ந்திருக்கலாம். மற்றவை குற்றங்களாக நீதிமன்றம் போயிருக்கும்.

இந்த அவநம்பிக்கை ஒரு மாதத்தில் முளைத்ததன்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் ஏறாவூர்ப் படுகொலையும் நடந்தன, இரண்டும் இரவில். போர்க்காலத்தில் மேற்கே உள்ள வயல்களுக்குப் போக முடியாமல் முஸ்லிம் விவசாயிகள் பலர் நிலத்தை இழந்தனர். வாடி இரவுகளும் காவல் இரவுகளும் அவர்களுக்கு இல்லாமல் போயின. அவற்றோடு கதை பிறக்கும் களமும் சுருங்கியது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகள் உருக்குலைந்தன. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. முகாம்களும் சோதனைச் சாவடிகளும் அதோடு கலைந்துவிடவில்லை. இருட்டில் அசைவது எருமையாகத்தான் இருக்கும் என்று கருதும் மனநிம்மதி ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்டிருந்தது.

டெல்லியை ஒப்பிடலாம். 2001 மே மாதத்தில் ‘குரங்கு மனிதன்’ பற்றிய பீதி அந்நகரின் கிழக்குப் பகுதிகளை உலுக்கியது. வெயிலில், மின்வெட்டில், மொட்டை மாடியில் உறங்கியவர்கள் பயந்து கீழே விழுந்ததில் உயிரிழப்பும் ஏற்பட்டது. பொலிஸ் தரப்பு உளநல நிபுணர்களையும் தடயவியலாளர்களையும் அழைத்தது. காயம்பட்டோரை மருத்துவர்கள் ஒவ்வொருவராகப் பரிசோதித்தனர். அப்படி ஓர் உயிரி இல்லை என்ற முடிவு அந்தத் தனித்தனிப் பரிசோதனைகளின் மேல் நின்றது. எட்டே ஆண்டுகளில், 2009இல், ‘டெல்லி-6’ என்ற இந்திப் படம் அந்தக் குரங்கு மனிதனைக் கேலிக்கும் சமூக விமர்சனத்துக்கும் பயன்படுத்தியது. டெல்லியின் ஏழைகள் தம் பொலிஸாரை மிகவும் நம்பினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. குறிப்பான அவிழ்ப்பு ஓரளவேனும் நடந்த இடத்தில் மர்மம் சிரிப்பாக மாறும் வழி திறந்தது என்பதே இங்கு பொருட்டு.

7. ஒரு மறுப்பும் அதற்கான பதிலும்

வயலில் பயந்த ஆணைப் பார்த்துச் சிரிக்கலாம். வீட்டுக்குள் தாக்கப்பட்ட பெண்ணைப் பார்த்து யார் சிரிப்பார்? 2011 சிரிப்பாகாததற்கு வேறு காரணமே வேண்டாம் என்று ஒருவர் வாதிடலாம். இதில் பெரும் உண்மை இருக்கிறது. பழைய கதைகளில் கண்டவர் பெரும்பாலும் ஆண். மேடை ஊருக்கு வெளியே. 2011இல் கண்டவர்கள் பெண்கள்; மேடை அவர்களுடைய சொந்த வளவு. இக்கரையில் மணமானதும் ஆண் மனைவி வீட்டுக்குச் செல்வதே வழக்கம். வீடு சீதனமாகப் பெண்ணுக்கு உரியது. தாயும் மகள்மாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வார்கள். ஊரிலேயே மிகப் பத்திரமான இடமாகக் கருதப்பட்ட ஒன்றுக்குள் மர்மம் நுழைந்தது.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் கூர்மையாக்கவே செய்கிறது. பெண் கண்டதை ‘மனப்பிரமை’ என்று ஒதுக்குவது, ஆண் கண்டதை ‘எருமை’ என்று சுட்டுவதிலிருந்து வேறுபட்டது. முன்னது ஆளை மறுக்கிறது. பின்னது அவர் கண்டதை ஏற்று, அதற்குச் சரியான பெயர் தருகிறது. மட்டூன் ஆய்வு முதல் இன்றுவரை கூட்டுப் பீதி பற்றிய எழுத்தில் பெண்களின் சாட்சியம் நோயறிகுறியாக வாசிக்கப்படும் பழக்கம் இருக்கிறது. இரவில் முற்றத்தில் நின்றவன் திருடனோ தொல்லைக்காரனோ என்று தனித்தனியே விசாரிப்பதுதான் அப்பெண்களுக்குத் தரவேண்டிய மரியாதை. அவர்கள் சிரித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது ஒவ்வொன்றும் போய்ப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

8. முடிவு

கிராமத்துச் சிரிப்பு மர்மத்தை மூடநம்பிக்கையின் எச்சமாகவோ வெறும் பொழுதுபோக்காகவோ வாசிப்பது போதாது. அது ஒரு விசாரணை முறை. கண்டவரை ஏற்பது, விடியும்வரை பொறுப்பது, பலர் சேர்ந்து இடத்துக்குப் போவது, பொதுவாக மறுக்காமல் குறிப்பாகச் சுட்டுவது, முடிவை எல்லார் முன்னும் சொல்வது என்ற படிகள் அதில் உண்டு. சிரிப்பு இந்தப் படிகள் ஒழுங்காக நடந்ததற்கான சான்றிதழ்.

இது நாட்டார் கதைகளைத் தொகுப்பவர்களுக்கும் ஒரு வேலையைத் தருகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளுக்கும் பழமொழிகளுக்கும் கிடைத்த கவனம், பெயரும் பட்டப்பெயரும் ஒட்டிய இந்தச் சில்லறைக் கதைகளுக்குக் கிடைக்கவில்லை. தொகுக்கும்போது பேயின் வர்ணனையை மட்டும் குறித்தால் போதாது. விடிந்ததும் போய்ப் பார்த்தவர் யார், ஊர் ஏன் அவரை நம்பியது என்பதையும் கேட்டு எழுத வேண்டும். அந்தத் தகவல் சேர்ந்தால், எந்தக் காலத்தில் எவர் சொல்லுக்கு இந்த ஊர்களில் மதிப்பிருந்தது என்ற சமூக வரலாறு நமக்குக் கிடைக்கும். 2011 ஆகஸ்டில் இல்லாமல் போனது எது என்பதையும் அந்த வரலாற்றைக் கொண்டே துல்லியமாக அளக்க முடியும்.